டேஷ் கேமுக்கு மெமரி கார்ட் வாங்கும்போது நேரும் தவறுகள்

வாகனத்தின் முன்கண்ணாடியடியில் பொருத்தி, பயணத்தைப் பதியும் கமராவான டேஷ் கேம் வாங்குகிறவர்கள், கமராவின் விலையையும் படத்தின் தெளிவையும் நெடுநேரம் விசாரிப்பார்கள். மெமரி கார்ட் என்று வந்ததும் "32 ஜிபி போதும்தானே" என்ற ஒரு கேள்வியோடு முடித்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். திருகோணமலையிலிருந்து வான் வண்டியில் கொழும்புக்குப் புறப்பட்ட ஒரு காலையில், கந்தளாய்க்கு அருகே எங்களை முந்திய லொறி ஒன்று பக்கக் கண்ணாடியை உரசிவிட்டு நிற்காமலே போய்விட்டது. இலக்கத் தகடு எப்படியும் கமராவில் பதிந்திருக்கும் என்று நம்பிப் பயணத்தைத் தொடர்ந்தோம். கொழும்பில் கார்டைக் கணினியில் போட்டுப் பார்த்தபோது, அதிலிருந்த மிகப் பழைய காட்சி குருநாகலுக்குச் சற்று முன்புதான் தொடங்கியது. கந்தளாய்க் காட்சி முழுவதும் அழிந்திருந்தது.

கமராவில் எந்தப் பழுதும் இருக்கவில்லை. டேஷ் கேம்கள் லூப் ரெக்கோர்டிங் முறையில் இயங்குகின்றன; அதாவது கார்ட் நிரம்பியதும் மிகப் பழைய கோப்பை அழித்து, அந்த இடத்தில் புதியதை எழுதுகின்றன. ஆகவே கார்டின் அளவு என்பது, நடந்த ஒன்றை எத்தனை மணி நேரத்துக்குள் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற தவணையே ஆகும். இதைக் கணக்கிடாமல் வாங்குவதுதான் முதலாவதும் பெரியதுமான தவறு.

கணக்கு எளிது. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதியும் காட்சி ஒரு மணி நேரத்தில் 0.45 ஜிபி இடத்தைப் பிடிக்கும். என் கமரா முன்பக்கத்தை 16 மெகாபிட்டிலும் பின்பக்கத்தை 10 மெகாபிட்டிலும் பதிகிறது. இரண்டும் சேர்ந்து மணிக்கு 11.7 ஜிபி ஆகிறது என்பதால், 32 ஜிபி கார்ட் மூன்று மணி நேரத்துக்குக்கூடப் போதாது. பின் கமராவின் பங்கை மறந்து, முன் கமராவுக்கு மட்டும் கணக்குப் பார்ப்பவர்கள் பலர். நொடிக்கு 50 மெகாபிட்டில் 4கே பதியும் கமராவாக இருந்தால், ஒரு பக்கத்துக்கே மணிக்கு 22.5 ஜிபி வேண்டும். உங்கள் கமராவின் மெகாபிட் அளவு தெரியாவிட்டால், மூன்று நிமிடக் கோப்பு ஒன்றின் அளவை 20 ஆல் பெருக்குங்கள். அதுவே ஒரு மணி நேரத்துக்கான இடம்.

உவர்மலையிலிருந்து உப்புவெளிக்கு வேலைக்குச் சென்று திரும்புபவர், முன் கமரா மட்டும் வைத்து நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஓடினால், 32 ஜிபியிலேயே ஏறத்தாழ நான்கு நாட்களின் காட்சிகள் நிற்கும். கொழும்புக்கு வாடகை வான் ஓட்டுபவரின் நிலை வேறு. போகவும் வரவும் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்தால், என் கமராவின் கணக்கில் சுமார் 140 ஜிபி தேவைப்படும். 128 சற்றுக் குறையும், 256 தாராளமாக இருக்கும். ஆனால் வாங்குவதற்கு முன், கமராவின் கையேட்டில் அதிகபட்சமாக எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துவிடுங்கள். பழைய கமராக்கள் சில 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை அடையாளமே காண்பதில்லை.

பூட்டப்பட்ட கோப்புகளைக் கணக்கில் எடுக்காதது அடுத்த தவறு. அதிர்வை உணரும் ஜி-சென்சர், விபத்து என்று கருதும் காட்சியை அழியாதபடி பூட்டிவிடும். அதன் உணர்திறனை உயர்வாக வைத்துக்கொண்டு குண்டும் குழியுமான உள்வீதிகளில் ஓடினால், ஒவ்வொரு பள்ளமும் ஒரு விபத்தாகப் பதிந்து, லூப்பில் சுழல வேண்டிய இடம் சுருங்கிக்கொண்டே போகும். சில கமராக்கள் கார்ட் நிரம்பிவிட்டது என்று சொல்லிப் பதிவையே நிறுத்திவிடும். வாகனத்தை நிறுத்தியிருக்கும்போது அசைவைக் கண்டு பதியும் வசதியும் இப்படித்தான் இடத்தைத் தின்னும். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் வாகனத்தை விட்டுச் சென்றால், முன்னால் மேயும் மான்கள்கூடக் கோப்புகளாகிவிடும். உணர்திறனைக் குறைத்து, தேவையானவற்றைப் பிரதி எடுத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை கார்டைக் கமராவிலேயே ஃபோர்மட் செய்வது நல்லது. இதற்கு மாறாக, எங்கள் கண்ணாடியை உரசியதுபோன்ற மெல்லிய தொடுகையைச் சென்சர் உணராமலும் போகலாம். அப்போது கையால் பூட்டும் பொத்தானை உடனே அழுத்த வேண்டும். அன்று எனக்கு அது தோன்றவில்லை என்பது இன்றும் மனதை உறுத்துகிறது.

கைப்பேசியில் கிடந்த பழைய கார்டைக் கமராவுக்கு மாற்றுவதும் தவறு. டேஷ் கேம் ஓயாமல் எழுதி அழிப்பதால் சாதாரண கார்ட் விரைவில் தேய்கிறது. இத்தகைய பயன்பாட்டுக்கு உத்தரவாதம் இல்லை என்று தயாரிப்பாளர்கள் சிலரே நிபந்தனையில் எழுதிவிடுகிறார்கள். ஹை எண்டியூரன்ஸ் என்று குறிக்கப்பட்ட கார்டுகள் இதற்கென்றே செய்யப்பட்டவை. சான்டிஸ்க்கின் அந்த வரிசையில் 64 ஜிபிக்கு 5,000 மணி நேரமும் 128 ஜிபிக்கு 10,000 மணி நேரமும் முழு எச்டி பதிவுக்கான ஆயுளாகக் குறிப்பிடப்படுகின்றன. அளவு இரட்டித்தால் ஒவ்வொரு பகுதியும் எழுதப்படும் தடவைகள் பாதியாவதால் ஆயுளும் இரட்டிக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலாவெளிக் கரையில் நிழலின்றி நிற்கும் வாகனத்தின் முன்கண்ணாடியடி வெப்பத்தையும் சேர்த்து எண்ணினால், இந்தக் கார்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை எனக்கு வீணாகத் தோன்றவில்லை.

வேகத்தைப் பற்றி அதிகம் குழம்பத் தேவையில்லை. பொதியில் பெரிதாக அச்சிடப்படுவது பெரும்பாலும் வாசிக்கும் வேகம். எழுதும் வேகத்துக்கு யூ3 அல்லது வி30 குறியீடு இருந்தால், நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்று பொருள். 8 மெகாபிட் சேர்ந்தது ஒரு மெகாபைட்; 50 மெகாபிட் என்பது 6.25 மெகாபைட் மட்டுமே என்பதால் 4கே கமராவுக்கும் அது தாராளம்.

நம்பமுடியாத மலிவு விலையில் 512 ஜிபி கார்ட் கிடைத்தால் ஐயப்படுங்கள். உண்மையில் 16 ஜிபி மட்டுமே உள்ள கார்டைப் பெரியதாகக் காட்டி விற்பதுண்டு. உண்மை அளவைத் தாண்டியதும் காட்சிகள் சத்தமின்றிச் சிதைந்துபோகும். கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) அல்லது எஃப்3 (F3) என்ற இலவச மென்பொருளால் கார்ட் முழுவதும் எழுதி வாசித்துச் சோதித்த பிறகே கமராவில் போடுங்கள். உண்மையான 64 ஜிபி கார்டைக் கணினி 59.6 என்று காட்டினால் அது ஏமாற்று அல்ல, எண்ணும் முறையின் வேறுபாடே.

புதிய கார்ட் ஒருமுறை நிரம்பிச் சுழலத் தொடங்கியதும், பூட்டிய கோப்புகளை ஒதுக்கிவிட்டு, மிகப் பழைய கோப்பிலிருந்து கடைசிக் கோப்பு வரை ஓட்டத்தில் பதிந்த நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். நான் மாற்றிய 128 ஜிபி கார்டில் அது பத்து மணி நேரத்துக்கும் சற்று மேலாக வந்தது. அதற்குப் பிறகு, கொழும்பில் இறங்கியதும் கந்தளாய்க் காட்சிகள் கார்டிலேயே இருக்கின்றன.