மார்கழி மழையில் திருகோணமலை போவோருக்கு

பிள்ளைகளுக்கு நத்தார் விடுமுறை விடும் டிசம்பரில்தான் திருகோணமலையில் வாடைமழை கொட்டும். கடற்குளிப்பை நம்பி வருபவர்கள் அதனால்தான் ஏமாறுகிறார்கள். நிலாவெளிக் கடற்கரைக்கும் புறாத்தீவுக்கும் உகந்த காலம் மே முதல் செப்டெம்பர் வரை. மார்கழியில் கடல் கொந்தளித்தால் தீவுக்குப் படகு ஓடாது. ஆகவே டிசம்பரில் போகிறவர்கள் கோணேசர் சிவன் கோயிலையும் அது இருக்கும் மலைக்கோட்டையையும் நினைத்துப் போங்கள். திருவெம்பாவைக் காலமும் அதுவே. விடியற்காலைப் பூசைக்கு அந்த மலையில் நிற்பதற்காகவே நனையலாம்.

கொழும்பிலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியே ஏறத்தாழ 260 கிலோமீற்றர். வெயில் நாளில் ஆறு மணி நேரம் போதும். மழை என்றால் எட்டு மணி நேரம் வையுங்கள். விடிய ஐந்து மணிக்கே புறப்பட்டுவிடுங்கள். காரணம், ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் உள்ள யானைக்காடு. பொழுதுபட்ட பிறகு, நனைந்த கறுப்புத் தார் வீதியில் யானை நிற்பது கிட்டப் போனபிறகுதான் கண்ணில் படும். பிற்பகல் மூன்று மணிக்கு முன் அந்தத் துண்டைக் கடந்துவிடுவது நல்லது. யானை மறித்தால் தள்ளி நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்க வேண்டாம், விளக்கை அணைத்து அணைத்துப் போட வேண்டாம், படம் எடுக்க இறங்கவே வேண்டாம். வாழைப்பழம் நீட்டுவதும் தவறு. தின்பண்டம் கிடைக்கும் என்று பழகித்தான் அவை வாகனங்களை மறிக்கின்றன.

யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்களுக்கு வவுனியா, ஹொரவப்பொத்தானை வழி. மட்டக்களப்பிலிருந்து வரும் வழியில்தான் கூடிய கவனம் வேண்டும். வாகரை தாண்டி வெருகலில் மகாவலியின் கிளை கடலில் விழுகிறது. அங்கே வெயில் எறித்துக்கொண்டிருந்தாலும், மலைநாட்டில் பெய்த மழை பிறகு வந்து வீதியை மூடிவிடும். மேலே வானத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், புறப்படுமுன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117இல் அழைத்துக் கேளுங்கள். வெள்ளம் ஓடும் இடத்தில் வீதியின் வெள்ளைக்கோடு தெரியவில்லை என்றால் இறங்கக் கூடாது, சாரதி “போகலாம்” என்றாலும் சரி. வாடகைக்கு வான் பிடிக்கும்போதே ரயரின் பள்ளத்தையும் வைப்பரையும் பார்த்துவிடுங்கள். வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தோடு தாமே ஓட்ட நினைப்பவர்கள் உள்ளூர் அனுமதியும் எடுக்க வேண்டும். பழக்கமில்லாத வீதி, அடைமழை: சாரதியோடு எடுப்பதே எங்கள் சிபாரிசு.

கோணேசர் கோயில் பிரெட்ரிக் கோட்டைக்குள் இருக்கிறது. பாடல் பெற்ற அந்தப் பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்து, அதன் கற்களையே கோட்டைக்குப் போட்டார்கள். வாசலில் அவசரப்படாமல் நில்லுங்கள். அங்கே பதித்த கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயலும், குளக்கோட்டன் என்ற அரசனின் திருப்பணியைச் சொல்லும் தமிழ் எழுத்தும் உண்டு. எத்தனையோ பேர் குடையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் அந்தப் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். புள்ளிமான்கள் கிட்ட வரும். பொலித்தீன் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், அதையும் சேர்த்துத் தின்றுவிடும். மலையில் கடற்காற்று குடையைப் புரட்டிவிடும், மழைக்கோட்டுத்தான் உதவும். செருப்பைக் கழற்றியபின் ஈரக்கல் வழுக்கும். வயதானவர்களைக் கைபிடித்துக் கூட்டிச்செல்லுங்கள். இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவின் பக்கம் வேலிக்கு வெளியே கால் வைக்கக் கூடாது.

மழைநாளுக்கு மிகப் பொருத்தமான இடம் கன்னியா. ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. கிணற்றுக்குள் இறங்குவதில்லை, வாளியால் அள்ளித்தான் வார்க்க வேண்டும். வாளியும் மாற்றுடுப்பும் கொண்டுபோங்கள்.

தேங்கிய வெள்ளத்தில் வெறுங்காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். டெங்குக் காலமும் இதுவே, நுளம்புக்குப் பூசும் களிம்பைப் பகலிலும் பூசுங்கள். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் வந்தால் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். வீதியும் ரயிலும் ஒன்றாகவே நிற்கலாம். விமானத்துக்கு முதல்நாள் திருகோணமலையில் நிற்காதீர்கள், அன்றிரவு விமான நிலையத்துக்குக் கிட்ட உள்ள நீர்கொழும்பில் படுத்திருங்கள்.