கண்ணால் பார்க்காமல் 737: சீனக்குடாவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு

கொம்பியூட்டரில் விமானம் ஓட்டுகிற சிமுலேட்டருக்குப் புதிதாக வருகிற யாரிடமும் பார்வையுள்ள ஆக்கள் சொல்வது, "சின்ன செஸ்னாவில் தொடங்கு" என்றுதான். பார்வையில்லாத நமக்கு அது சரிவராது. செஸ்னா என்ற சின்ன விமானத்தை சன்னலுக்கு வெளியே அடிவானத்தைப் பார்த்து ஓட்டுகிறார்கள், 737 என்ற பெரிய பயணிகள் விமானத்தை உயரம், வேகம், திசை என்று எண்களை வைத்தே ஓட்டலாம். எண்ணை வாசிக்க வைக்கலாம், அடிவானத்தை முடியாது. அதனால் பெரியதிலேயே ஏறுங்கள்.

விண்டோஸ் கொம்பியூட்டர், திரையை வாசித்துச் சொல்கிற என்விடிஏ, மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020, அதற்குள் சேர்க்கிற பிஎம்டிஜி நிறுவனத்தின் 737 வேண்டும். கடைசி இரண்டுக்கும் காசு கொடுக்க வேண்டும், என்விடிஏ இலவசம். இவற்றோடு எஃப்எஸ்யுஐபிசி 7, டோக்கிங் ஃபிளைட் மொனிட்டர் என்று இரண்டு மென்பொருள்கள். முதலாவது சிமுலேட்டருக்குள் இருக்கிற எண்களை வெளியே எடுத்துத் தரும், இரண்டாவது அவற்றைப் பேசும், 737இன் சுவிட்சுகளையும் கீபோர்டால் எட்டக்கூடிய சாதாரண விண்டோவாகத் தரும். சிமுலேட்டரின் மெனு எங்காவது ஊமையாக நின்றால் என்விடிஏ விசையோடு ஆர் அழுத்துங்கள். திரையில் உள்ள எழுத்தை அது படித்துக் காட்டும், வேண்டிய சொல்லில் என்டர் தட்டலாம். முதல் நாள் செட்டிங்ஸுக்கு மட்டும் வீட்டில் யாரையாவது பக்கத்தில் இருத்துங்கள், நேரம் மிச்சம்.

நமக்கு ஒரு லாபமும் உண்டு. கிராஃபிக்ஸை ஆகக் குறைவில் வைத்து, இணையத்திலிருந்து இறங்குகிற பிங் நிலப்படங்களையும் ஃபோட்டோகிராமெட்ரி என்ற முப்பரிமாணக் காட்சிகளையும் நிறுத்திவிடுங்கள். கோணேசர் மலை எவ்வளவு வடிவாகத் தெரிகிறது என்பதற்காக மொபைல் டேட்டாவைக் கரைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. ஆனால் டிஸ்க்கில் 150 ஜிபி இடம் கட்டாயம் வேண்டும்.

பறக்கும் பாதையைப் போட்டுத் தருகிற சிம்பிரீஃப் இணையத்தளத்தில் பாதையை எடுங்கள், இலவசம். விமான நிலையக் குறியீடுகள்: திருகோணமலைச் சீனக்குடா விசிசிடி (VCCT), கட்டுநாயக்கா விசிபிஐ (VCBI). முதல் பறப்புக்கு டாக்சி, அதாவது நிலத்தில் உருட்டிக்கொண்டு ஓடுபாதைக்குப் போவது வேண்டாம், நேரே ஓடுபாதை 24இல் தொடங்குங்கள். 24 என்றால் மூக்கு ஏறக்குறைய 240 பாகையில் நிற்கிறது. ஓடத் தொடங்கும்போது கேட்கிற எண்ணைக் காதிலேயே வைத்திருங்கள்: கூடினால் இடது ரடர் (வாலில் திசை திருப்பும் பலகை), குறைந்தால் வலது, அதுவும் மெல்லமாக. விமானத்தின் பறப்புக் கணினியான எஃப்எம்சி தந்த விஆர் வேகம் (மூக்கைத் தூக்க வேண்டிய வேகம்) வந்ததும் மூக்கைத் தூக்குங்கள், 400 அடி தாண்டியதும் ஓட்டோபைலட். அப்புறம் தேத்தண்ணி குடிக்கலாம்.

இறங்குவதில்தான் கவனம். கட்டுநாயக்கா ஓடுபாதை 22க்கு ஐஎல்எஸ், அதாவது விமானத்தை ஓடுபாதைக்கு வழிகாட்டி இறக்கும் ரேடியோ அலை இருக்கிறது. அதன் அலைவரிசையை விமானத்தின் இரண்டு நாவ் (வழிகாட்டி) ரேடியோவிலும் போடுங்கள், ஒன்றில் மட்டும் போட்டால் தானாக இறங்காது. ஐஎல்எஸ்ஸைப் பிடித்து இறங்க வைக்கிற ஏபிபி (APP) பொத்தானை அழுத்திய பிறகு இரண்டாவது ஓட்டோபைலட்டையும் போட வேண்டும். 1500 அடிக்குக் கீழே ஃபிளேர் (தரையைத் தொடுமுன் மூக்கைத் தானாக மெல்லத் தூக்குவது) ஆயத்தமாகிவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் யோசிக்காமல் மேலே ஏறிவிடுங்கள். கடைசியில் விமானமே "ஐம்பது, நாற்பது, முப்பது" என்று ஆங்கிலத்தில் எண்ணும், அதற்கு மேலே வேறு பேச்சு வேண்டாம். சக்கரம் தொட்டதும் ஓட்டோபைலட்டை விடுவித்து, பழையபடி திசை எண்ணைப் பிடித்துக்கொண்டு நேராக ஓடவிடுங்கள். ஓட்டோபிரேக்கையும் (தானியங்கி பிரேக்) ஸ்பொய்லரையும் (இறக்கையில் எழும்பி வேகத்தைக் குறைக்கும் தகடுகள்) முன்பே ஆயத்தம் செய்திருந்தால் கைக்கு வேலை குறைவு.

இது கைவந்த பிறகு வாட்சிம், அதாவது சிமுலேட்டர்காரர்கள் இணையத்தில் சேர்ந்து பறக்கிற, கட்டுப்பாட்டாளர்களாகவும் இருக்கிற வலையமைப்பு. பதிவு இலவசம், 13 வயது நிரம்பியிருக்க வேண்டும், தொடக்கத் தேர்வு ஒன்றும் உண்டு. குரலில் பேசலாம், எழுத்திலும் பேசலாம். கட்டுப்பாட்டாளர் யாரும் இல்லாத வானில் 122.800 அலைவரிசையில் உங்கள் நகர்வைச் சொல்லிவிட்டால் போதும். சிக்கல் என்னவென்றால் அங்கே ஓடுபாதையில் நின்றபடி இணையக் கூடாது, நிறுத்துமிடத்தில் தொடங்கி டாக்சி செய்தே போக வேண்டும், நமக்கு ஆகக் கஷ்டமான பகுதியும் அதுதான். டாக்சிக்கு மட்டும் பார்வையுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்து "இடது, நேர், நில்" என்று சொல்லச் சொல்லுங்கள். தம்பியோ தங்கச்சியோ போதும். அவர்களும் இல்லாத நாளில் சிமுலேட்டரின் சொந்த மல்டிபிளேயருக்குப் போங்கள், அங்கே ஓடுபாதையிலிருந்தே கிளம்பலாம்.