சுருதி சேராத பிள்ளைக்குச் சொல்லித்தருவதில் நடக்கும் தவறுகள்

பாலக்காடு, சித்தூர், கொல்லங்கோடு பக்கத்துப் பாட்டு கிளாஸ்களில், சுருதி சேராத பிள்ளைக்கு "காதே இல்லை" என்று சீக்கிரமே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஸ்வர வித்தியாசமே பிடிபடாத பிறவிக் குறை மிகச் சிலருக்குத்தான் உண்டு. மற்ற பிள்ளைகளுக்குக் காது சரிதான். கேட்டதைக் குரலில் பிடிக்கத்தான் பழக்கம் போதாது. ஸாவையும் அதற்கு அடுத்து மேலே வரும் சுத்த ரிஷபத்தையும் பாடிக்காட்டி "ரெண்டும் ஒண்ணா, வேறயா?" என்று சில முறை மாற்றி மாற்றிக் கேட்டால் தெரிந்துவிடும். "எது மேலே?" என்று கேட்க வேண்டாம். சின்னப் பிள்ளைக்கு "மேலே" என்றால் சத்தமாக என்றுதான் அர்த்தம். "இன்னும் ஏத்து" என்றால் அது கத்துவதும் அதனால்தான். கையை உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டுங்கள். வெறுமனே "சேரலை" என்று சொன்னால், ஏற வேண்டுமா இறங்க வேண்டுமா என்று அதற்கு எப்படித் தெரியும்?

அடுத்தது கட்டை, அதாவது ஸாவை எந்த உயரத்தில் வைப்பது என்பது. ஆண் வாத்தியார் ஒரு கட்டையில் பாடும் ஸா சுமார் 131 ஹெர்ட்ஸ். ஏழு வயதுப் பிள்ளை அந்த ஆழத்துக்கு இறங்க முடியாமல் உறுமும், அல்லது நடுவில் ஏதோ ஒரு மத்யமத்தில் போய் நிற்கும். தன் ஸ்தாயியிலேயே (ஸாவிலிருந்து மேல் ஸா வரையுள்ள எல்லை) பாடும் பெண் குரலைக் கேட்டால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். சீனியர் மாணவி ஒருத்தி முதலில் பாடிக்காட்டட்டும். 4 கட்டையிலிருந்து அரை அரையாக ஏற்றிப் பார்த்து, ஸாவும் மேல் ஸாவும் கழுத்து இறுகாமல் வரும் கட்டையை வைத்துக்கொள்ளலாம். பையன்களுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயதில் குரல் உடையும்போது அது கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி இறங்கும். பழைய கட்டையிலேயே பிடித்துவைத்தால் தொண்டைதான் கெடும்.

போனில் சுருதி ஆப் போட்டால் போதும் என்று நினைக்கிறோம். போனின் குட்டி ஸ்பீக்கரில் மந்த்ர ஸா, அதாவது கீழ் ஸ்தாயி ஸா, சரியாகவே வராது; பிள்ளை பிடித்துக்கொள்ள அடித்தளம் இல்லாமல் போகிறது. வெளி ஸ்பீக்கரில் இணையுங்கள், சுருதிப்பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. முதல் ஒரு நிமிஷம் பேசாமல் கேட்கட்டும். பிறகு வாய் மூடி ம்காரம், அப்படியே வாய் திறந்து அகாரம்.

கீபோர்டில் ஒவ்வொரு ஸ்வரமாக வாசித்துப் பாடவைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கெடுதல். பிள்ளை சுருதியை விட்டுவிட்டுக் கீபோர்டின் பின்னால் ஓடும். போதாததற்கு, தம்புராவின் மந்த்ர ஸா தந்தியில் தானாகவே ஒலிக்கும் அந்தர காந்தாரத்தைவிட (மேல் வகை 'க') கீழே அல்லாமல், கீபோர்டின் காந்தாரம் சற்று மேலே இருக்கிறது. அரை ஸ்வர இடைவெளியை 100 பங்காக்கினால் இது 14 பங்கு வித்தியாசம். பஞ்சமத்தில் இரண்டே பங்கு என்பதால் அங்கே தெரியாது. ஆரம்பப் பாடங்களுக்கான ராகமான மாயாமாளவகௌளையிலேயே அந்தர காந்தாரம் வந்துவிடுவதால், முதல் பாடத்திலேயே காது தவறாகப் பழகுகிறது.

கூட்டமாக உரக்கப் பாடவைத்தால் பிள்ளைக்குத் தன் குரலே கேட்காது. இரண்டு பேராக, மெதுவான குரலில் பாடட்டும். பள்ளிக் கலோல்சவம் (கலைவிழாப் போட்டி) நெருங்கியதும் கீர்த்தனையை மனப்பாடமாக ஏற்றும் அவசரத்தில் சரளி வரிசை (ஆரம்ப ஸ்வரப் பயிற்சி) இரட்டை வேகமான இரண்டாம் காலத்துக்குத் தாவிவிடுகிறது. அந்த வேகத்தில் பிசகு மறைந்துகொள்ளும். முதல் காலத்திலேயே ஸா பாடி, ரி க ம மூன்றையும் மனதுக்குள் பாடி, பஞ்சமத்தில் வாய் திறந்து நிற்கச் சொல்லுங்கள். நின்ற இடம் சுருதியோடு சேராமல் அலை அலையாக அடித்தால், அந்த அடிப்பைப் பிள்ளையே கேட்டு, அது அடங்கும்வரை குரலை நகர்த்தட்டும். நீங்கள் உடன் பாடித் தூக்கிவிட வேண்டாம்.