ஆயர் வீட்டு வாசலில் நாம் செய்யும் தவறுகள்

மேலூர்ப் பக்கத்தில் ஒரு சேகரத்தின், அதாவது ஒரே ஆயரின் (போதகரின்) பொறுப்பில் உள்ள கிராமச் சபைகளின், செயலாளராக 6 ஆண்டுகள் இருந்தேன். ஒரு ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கு, மகனின் ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டி ஆயர் வீட்டுக் கதவைத் தட்டினேன். விடிந்ததும் கிளம்பி மூன்று கிராமங்களில் ஆராதனை முடித்தவர், அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பிசைந்த சோற்றை விட்டு எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு முத்திரையைத் தேடப் போனார். அவர் மனைவி, ஆயரம்மா, எதுவும் சொல்லாமல் இன்னொரு தட்டை எடுத்துச் சோற்றை மூடி வைத்தார். அந்தச் சான்றிதழை நான் மறுவாரம் வாங்கியிருந்தாலும் போதும்.

சபை கட்டிக் கொடுத்த வீடுதானே, எப்போதும் போகலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. சாவுச் செய்தி, ஆஸ்பத்திரி அவசரம் என்றால் நள்ளிரவிலும் தட்டலாம். கையெழுத்துக்கும் கமிட்டிப் புகாருக்கும் நேரம் கேட்டுக்கொண்டு போகலாம். திங்கள்கிழமை ஓய்வு என்று ஒப்புக்கொண்டால், கல்யாணப் பத்திரிகை கொடுக்கக்கூட அன்று போகக் கூடாது.

ஆயரம்மாவைச் சம்பளமில்லாத ஊழியராக்குவது அடுத்தது. பெண்கள் ஐக்கிய சங்கம், ஞாயிறு பள்ளி, துக்க வீடு, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி. பள்ளியிலோ ஆஸ்பத்திரியிலோ நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிறவரிடமும் இத்தனையையும் எதிர்பார்க்கிறோம். சங்கத்தை நடத்த விருப்பமா என்று ஒருமுறையாவது அவரிடம் கேட்டிருக்கிறோமா? “போன அம்மா நன்றாகப் பாடுவார்கள்” என்ற ஒரு பேச்சு எத்தனை நாள் உறுத்தும் என்பது கேட்டவருக்குத்தான் தெரியும். பிள்ளைகளையும் இதே தராசில்தான் நிறுத்துகிறோம். ஆயர் மகன் கணக்கில் தவறினால் சபைக்கே தெரிகிறது.

நல்லெண்ணத்தோடு செய்கிற தவறுதான் என்னை அதிகம் வருத்துகிறது. தூக்கம் வரவில்லை, மனம் சோர்ந்து கிடக்கிறது என்று ஆயர் சபையார் ஒருவரை நம்பிச் சொல்கிறார். அது உபவாசக் கூட்டத்தில் ஜெபக் குறிப்பாகி, மறுநாள் மாலைக்குள் பக்கத்துச் சேகரத்துக்குப் போய்விடுகிறது. பிறகு அவர் வாய் திறப்பாரா? சபையாரிடம் பேசத் தயங்குகிறவருக்கு, ஆயர்களைப் பயிற்றுவிக்கும் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் உடன் படித்த நண்பர்களைப் போன்றவர்கள்தான் துணை. மாதம் ஒருநாள் அவர்களைப் பார்க்கப் போகிறார் என்றால், எங்கே போனார் என்று விசாரிக்காமல் விட்டாலே பெரிய உதவி.

“ஊழியக்காரருக்கே விசுவாசம் குறைந்துவிட்டதா?” என்று கேட்பது இதைவிடக் கொடுமை. செத்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவும் விட்டான் (1 இராஜாக்கள் 19). மனச்சோர்வுக்கு ஜெபத்தோடு மருத்துவமும் வேண்டும். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணில், எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். ஆயரம்மாவும் பேசலாம், பிள்ளைகளும் பேசலாம்.

பணத்தைப் பற்றி ஒன்று. ஆயுள் முழுக்கச் சபை வீட்டிலேயே குடியிருந்தவர், ஓய்வு பெறும் மாதத்தில் வாடகை வீடு தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். மாதப்படியைத் தாமதிக்காமல் கொடுப்பதும், சேமிப்பைப் பற்றி அவர் இளமையாக இருக்கும்போதே கமிட்டி பேசுவதும் பிரிவுபசாரப் பொன்னாடையைவிடப் பயன்படும்.

இடமாற்றத்தின்போது வரவேற்புக் கூட்டத்தை மட்டும் யோசித்துவிட்டு, வீட்டை மறந்துவிடுகிறோம். நாங்கள் கடைசியாக ஒரு குடும்பத்தை வரவேற்றபோது, லாரி வருவதற்கு முன்பே மோட்டார் ஓடுகிறதா, கழிப்பறைத் தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்த்தோம். பிள்ளைகளுக்குப் பள்ளி விண்ணப்பம் வாங்கி வைத்தோம். முதல் மூன்று நாள் சாப்பாட்டை மூன்று வீட்டார் ஏற்றுக்கொண்டார்கள். தூக்குவாளியை வாசலில் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிட வேண்டும், உள்ளே போய் உட்காரக் கூடாது என்று முன்னதாகவே பேசி வைத்திருந்தோம்.