எண்டோஸ்கோபி நார்மல், ஆனாலும் ரத்தம் குறைகிறதா? சிறுகுடல் கசிவில் செய்யக்கூடாத தவறுகள்

எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி இரண்டும் நார்மல் என்றதும் பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். வாய்வழியே போகும் குழாய் சிறுகுடலின் தொடக்கத்தோடு நின்றுவிடும். கீழிருந்து போவது அதன் கடைசி முனையை எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். நடுவில் பல மீட்டர் குடலை யாருமே பார்க்கவில்லை. அந்த ரிப்போர்ட்டை 'ரத்தக் கசிவே இல்லை' என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு.

அப்புறம், காரணம் தேடாமல் மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரையிலேயே ஓட்டுவது. அந்த மாத்திரையாலும் மலம் கறுக்கும், உண்மைதான். ஆனால் தார் போலப் பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போனால் மாத்திரைமேல் பழி போடாதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள்.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுகுடலையும் புண்ணாக்கும். கூடவே போடும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை இரைப்பையைக் காக்கும், சிறுகுடலைக் காக்காது. இது பலருக்கும் தெரியாதது எனக்குப் பெரிய வருத்தம். அதற்காக, இதயத்துக்குச் சாப்பிடும் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, கேப்சூல் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது. சுமார் 26 மில்லிமீட்டர் நீளக் கேமராவை மாத்திரை போல விழுங்கினால், 8 மணி நேரத்துக்கு மேல் குடல் வழியே நகர்ந்து ஆயிரக்கணக்கில் படம் எடுக்கும். அது தேடுவது பெரும்பாலும் குண்டூசித் தலை அளவுச் சிவப்புப் புள்ளி ஒன்றை. அது ஒரு ரத்தக்குழாய் முடிச்சு; கொஞ்சம் கசியும், தானாக நிற்கும். கசிந்த இரண்டு மூன்று நாளுக்குள் பார்த்தால் பிடிபட வாய்ப்பு அதிகம். ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தால் கேப்சூலுக்குக் காத்திருக்க முடியாது, ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேனான சிடி ஆஞ்சியோகிராம் வேண்டும். க்ரோன் நோய் (குடலில் நீடிக்கும் அழற்சி), பழைய வயிற்று ஆபரேஷன் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். குடல் சுருங்கிய இடத்தில் கேப்சூல் மாட்டிக்கொள்ளும். அது வெளியேறும்வரை எம்ஆர்ஐ எடுக்கவே கூடாது.

கேப்சூலிலும் ஒன்றும் தெரியவில்லையா? தேடலை நிறுத்தாதீர்கள். குடல் சுவருக்குள் ஒளிந்த கட்டியை அது தவறவிடலாம், சிறுகுடலைக் காட்டும் ஸ்கேனான சிடி என்டரோகிராபியில் தெரியலாம். இளவயதினர் என்றால் சிறுகுடலில் பிறவியிலேயே பை போலத் துருத்தியிருக்கும் மெக்கல் பையையும் நினைக்க வேண்டும்.

கேப்சூல் பார்க்க மட்டும்தான் செய்யும். சிகிச்சைக்குப் பலூன் என்டரோஸ்கோபி வேண்டும், அதாவது பலூன் உதவியோடு சிறுகுடலுக்குள் ஆழமாகப் போகும் குழாய். கசியும் புள்ளியை அதன் வழியே சுட்டு அடைப்பார்கள். அதோடு முடிந்தது என்று ரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். புதுப் புள்ளிகள் முளைக்கும், முக்கியமாக இதயத்தின் அயோர்டிக் வால்வு சுருங்கிய முதியவர்களுக்கு.