டாலர் வருமானத்தோடு பெங்களூருக்கு வருபவர்களுக்கு

வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன், கோயம்புத்தூரை விட்டுவிட்டு எதற்குப் பெங்களூருக்குப் போகிறான் என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் வருகிறார்கள். அடுத்த காண்ட்ராக்ட் பெரும்பாலும் தெரிந்தவர் மூலமாகத்தான் வருகிறது, அந்தத் தெரிந்தவர்கள் இங்கே அதிகம். சிலருக்கு இன்னொரு கணக்கும் உண்டு: இரண்டு வருஷம் இங்கே ஓட்டிவிட்டு அப்படியே பெர்லினுக்கோ லிஸ்பனுக்கோ போய்விடலாம். இது அவர்களுக்காக. இங்கே நீங்கள் சேர்த்து வைக்கும் காகிதங்கள்தான் நாளைக்கு விசா அதிகாரியின் மேசைக்குப் போகும்.

முதலில் வீடு. ஓனரின் முதல் கேள்வி "எந்தக் கம்பெனி?" என்பதுதான். "சொந்தமா பண்றேன், கிளையன்ட் அமெரிக்காவுல" என்றால் முகம் மாறிவிடும். ஐடி கார்டும் ஆஃபர் லெட்டரும் இல்லாத ஆளை எப்படி நம்புவது என்பது அவர் கவலை. கடைசி இரண்டு வருஷ வருமான வரி ரிட்டர்னையும் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் பிரின்ட் எடுத்துக்கொண்டே வீடு பார்க்கப் போங்கள். பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது இந்த ஊரின் பழைய வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருகிறார்கள், கூச்சப்படாமல் பேரம் பேசலாம். காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சகஜம்.

11 மாத அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வரியை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள்: இந்த முகவரியில் ஜிஎஸ்டி பதிவு செய்ய ஓனருக்கு ஆட்சேபணை இல்லை. குடிவந்த பிறகு என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கேட்டால், வீட்டைக் கமர்ஷியல் என்று எழுதிவிடுவார்களோ என்று பயந்து பலர் மறுத்துவிடுகிறார்கள்.

ஜிஎஸ்டி ஏன் இவ்வளவு முக்கியம்? சேவை தருபவருக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். டாலர் காண்ட்ராக்ட்டில் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். வெளிநாட்டுக்குச் செய்யும் வேலை ஏற்றுமதி என்பதால் வரி பூஜ்யம்தான். ஆனால் வரி கட்டாமல் பில் போட எல்யூடி என்ற உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஊரிலிருந்து வருபவர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஜிஎஸ்டி எண் மாநிலத்துக்கு மாநிலம் தனி. தமிழ்நாட்டு எண்ணை முகவரி மாற்றி இங்கே கொண்டுவர முடியாது. கர்நாடகத்தில் புதிதாக வாங்கிவிட்டு அங்கே ரத்து செய்ய வேண்டும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஓசூரில் வீடு பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கெட்டிக்காரத்தனம். தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண், டிஎன் நம்பர் வண்டி எல்லாம் அப்படியே இருக்கும். வாரம் ஒருநாள் நகரத்துக்குள் வர வேண்டுமென்றால் பொம்மசந்திரா வரை பஸ், அங்கிருந்து 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மஞ்சள் தட மெட்ரோ. பெங்களூருக்குள்ளேயே இருந்தால், வெளிமாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும்போது மறுபதிவு செய்து இங்கே வரி கட்டியாக வேண்டும்.

நகரத்துக்குள்தான் என்று முடிவு செய்தால், ஆபீஸ் போகாத ஆள் ஒயிட்ஃபீல்டில் ஐடி கம்பெனிக்காரர்கள் தரும் வாடகையைத் தர வேண்டிய அவசியமே இல்லை. அல்சூர், காக்ஸ் டவுன் பக்கம் பாருங்கள். தமிழ்ச் சங்கமும் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையும் அல்சூரில்தான். கடைகளில் தமிழே ஓடும். அதற்காகக் கன்னடம் கற்காமல் இருந்துவிடாதீர்கள். வீடு பார்க்கும்போது இரண்டு கேள்வி. காவிரித் தண்ணீர் வருகிறதா, இல்லை டேங்கரா? 2024 கோடையில் போர்வெல்லை மட்டும் நம்பியிருந்த அபார்ட்மென்ட்கள் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. அடுத்தது, ஜெனரேட்டர் எந்தெந்த பாயின்ட்டுக்கு? "ஃபுல் பேக்கப்" என்பார்கள். போய்ப் பார்த்தால் ஹாலில் ஒரு லைட்டும் ஒரு ஃபேனும் மட்டும் ஓடும். ரூட்டர் வைக்கப் போகும் பிளக்கில் போன் சார்ஜரைச் செருகி, மெயினை ஆஃப் பண்ணச் சொல்லிப் பாருங்கள்.

நியூயார்க்கில் காலை 10 மணி மீட்டிங் என்றால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 8.30, கோடையில் 7.30. மார்ச்சில் அமெரிக்கா இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை மாற்றும், ஐரோப்பா கடைசி ஞாயிறுதான். இரண்டு பக்கமும் கிளையன்ட் வைத்திருப்பவர்கள் நடுவில் வரும் வாரங்களில் காலண்டரை இரண்டு தடவை பாருங்கள்.

இனி காகிதம். வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தொகைக்கும் ஃபிரா எனப்படும் வரவுச் சான்றை வாங்கி வையுங்கள். அமெரிக்க கிளையன்ட் டபிள்யூ-8பென் படிவம் கேட்டால் பயப்பட வேண்டாம். இந்தியாவில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அங்கே வரி பிடிக்கத் தேவையில்லை என்பதற்கான ஆதாரம் அது. வருமான வரியில், ஆடிட்டர்கள் 44ஏடிஏ என்று சொல்லும் முறை தொழில்நுட்ப ஆலோசகர்கள் பலருக்கும் பொருந்தும்: ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை, பாதியை லாபமாகக் காட்டினால் போதும். வரி மிச்சம்தான். ஆனால் 40 லட்சம் சம்பாதித்தவரின் ரிட்டர்னில் 20 லட்சம்தான் வருமானமாக நிற்கும். வீட்டுக் கடனுக்குப் போனாலும் விசாவுக்குப் போனாலும் முதலில் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். காண்ட்ராக்ட், இன்வாய்ஸ், ஃபிரா மூன்றும் மாதவாரியாக ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் மீதிப் பாதியை நிரூபிக்க முடியும்.

கிளையன்ட் "இங்கேயே வந்துவிடேன்" என்று சொல்வது விசா ஆகாது. அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவுக்கு உங்களை ஊழியராக எடுக்கும் முதலாளி வேண்டும். பி1 என்ற பிசினஸ் பயண விசாவில் மீட்டிங் போகலாம், அங்கே உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது. ஜெர்மனியில் ஃப்ரீலான்சருக்குத் தனி அனுமதி உண்டு, ஆனால் அந்த ஊர் கிளையன்ட் இருப்பதைப் பார்ப்பார்கள். அமெரிக்க கிளையன்ட்டை மட்டும் வைத்திருப்பவருக்கு 2022-இல் போர்ச்சுகல், வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு ரிமோட்டில் வேலை செய்பவர்களுக்காகக் கொண்டுவந்த டி8 விசா பொருந்தும். அந்நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல நான்கு மடங்கு மாத வருமானம் காட்ட வேண்டும்.

விசாவைவிடப் பெரிய சிக்கல் ரேட். பெங்களூர் செலவை மனதில் வைத்துச் சொன்ன மணிக்கூலியோடு லிஸ்பனில் போய் இறங்கினால் மாதக் கடைசியில் கை கடிக்கும். அங்கே சொந்தமாக வேலை செய்பவருக்கு முதலாளியின் பங்கு என்று எதுவும் கிடையாது. சமூகப் பாதுகாப்புத் தொகையையும் காப்பீட்டையும் முழுவதும் நீங்களே கட்ட வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன்பே, பெங்களூரில் இருக்கும்போதே புது ரேட்டில் காண்ட்ராக்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால், இடம் மாறியது உங்கள் விருப்பம்தானே என்பார்கள்.

கிளம்பும்போது சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றுங்கள். ஜிஎஸ்டி-யை ரத்து செய்தால் மூன்று மாதத்துக்குள் கடைசி ரிட்டர்ன் ஒன்று உண்டு. அதை ஆடிட்டரிடம் எழுத்தில் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.