ஜிப்ஸி, ஜிம்னிக்கு டிஃப் லாக்கர் வாங்கப் போறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

மழை விட்டு ஜனவரி பிறந்தாலே சென்னையில இருந்து நாகலாபுரம் அடிவாரம், பாலாத்து மணல்னு வண்டி எடுத்துட்டு கிளம்புறவங்க அதிகமாயிடுவாங்க, அதுல யாராவது ஒருத்தர் மாட்டிக்கிட்டு ஊர்க்காரங்க டிராக்டர்ல கயிறு கட்டி இழுத்து வெளிய வந்தாங்கன்னா அடுத்த நாளே "லாக்கர் போடலாமா, எந்த கம்பெனி நல்லது"ன்னு கேக்க ஆரம்பிச்சிடுவாங்க (லாக்கர்னா ஒரு ஆக்சில்ல இருக்குற ரெண்டு வீலையும் ஒண்ணா பூட்டுற பாகம்). கம்பெனியை அப்புறம் பார்க்கலாம், முதல்ல நம்ம வண்டி எதனால மாட்டுச்சுன்னு பாக்கணும், ஏன்னா பாதி பேருக்கு அந்த இடத்துல லாக்கர் இருந்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது.

டிஃப்னா டிஃபரன்ஷியல், ஆக்சில் நடுவுல உக்காந்து இன்ஜின் சக்தியை ரெண்டு வீலுக்கும் பிரிச்சுக் கொடுக்குற கியர் செட். லாக்கர் இல்லாத சாதாரண ஓப்பன் டிஃப் இடது வலது ரெண்டு வீலுக்கும் ஒரே அளவு டார்க் (சுத்துற விசை) தான் கொடுக்கும். ஒரு வீல் அந்தரத்துல தொங்குச்சுன்னா அதை சுத்த விட ரொம்ப கொஞ்சம் டார்க் போதும், தரையில நல்லா பிடிச்சிட்டு இருக்குற அடுத்த வீலுக்கும் அந்த கொஞ்சம் தான் போகும். முன்னாடி ஒரு வீல், பின்னாடி எதிர்ப்பக்கம் ஒரு வீல்னு குறுக்கா தூக்கிடுச்சுன்னா ஃபோர் வீல் டிரைவ் போட்டும் வண்டி அசையாம நிக்கிறது இதனால தான். லாக்கர் ரெண்டு வீலையும் ஒரே வேகத்துல சுத்த வெச்சிடும், அப்போ பிடிப்பு இருக்குற வீலுக்கு தேவையான டார்க் மொத்தமும் போய் சேரும். மழைத் தண்ணி அரிச்சு வெச்ச பள்ளம், பாறை, குறுக்கு வாய்க்கால் இங்கெல்லாம் இது பெரிய உதவி.

மணல்ல கதையே வேற. அங்க நாலு வீலுமே புதையுது, எதுவும் தூக்கிட்டு நிக்கல. பாலாத்து மணல்ல 30 பிஎஸ்ஐ காத்தோட இறங்கி மாட்டிக்கிட்டு லாக்கர் தேடுறது தான் நான் அடிக்கடி பாக்குற தப்பு, காத்தை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினா அதே வண்டி நடந்து வந்துடும், திரும்ப ரோட்டுக்கு ஏறும்போது காத்து பிடிக்க ஒரு சின்ன கம்ப்ரசர் இருந்தா போதும். ஏரிக் களிமண்ணும் அப்படித்தான், டயர் பள்ளத்துல மண் அப்பிக்கிச்சுன்னா லாக்கர் ரெண்டு வீலையும் சேர்த்து சும்மா வழுக்க விடும், அங்க டயர் தான் மாத்தணும். (மணல் பழகலாம்னு ஈசிஆர் பீச்சுல மட்டும் வண்டியை இறக்காதீங்க, ஜனவரியில இருந்து அங்க ஆலிவ் ரிட்லி ஆமை முட்டை போட கரையேறும், டயர் ஏறினா முட்டை அவ்ளோ தான்.)

ஜிம்னி வெச்சிருக்குற நண்பர் ஒருத்தர் "என் வண்டியில லாக்கர் இருக்கு"ன்னே ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தார். அதுல இருக்குறது பிரேக் எல்எஸ்டி (எல்எஸ்டின்னா லிமிடெட் ஸ்லிப் டிஃப், ஒரு வீல் மட்டும் சும்மா சுத்துறதை குறைக்கிறது). சும்மா சுத்துற வீலை பிரேக் பிடிச்சு, டார்க்கை எதிர்ப்பக்கம் அனுப்புது, அவ்ளோ தான். நல்லாவே வேலை செய்யும், ஆனா அது வேலை செய்யணும்னா வீல் கொஞ்சம் சுத்தணும், நீங்க ஆக்சிலரேட்டரை விடாம பிடிச்சிருக்கணும். வீல் சுத்துற சத்தம் கேட்டதும் பயந்து காலை எடுத்துடுறோம் பாருங்க, சரியா அந்த நேரத்துல தான் அது பிடிக்க ஆரம்பிச்சிருக்கும். அதனால ஜிம்னிக்காரங்க ஃபோர் லோ (வேகம் கம்மி, இழுவை அதிகம் கொடுக்குற ஃபோர் வீல் கியர்) போட்டு, காலை நிதானமா வெச்சு நாலஞ்சு டிரிப் ஓட்டிப் பாருங்க, நம்ம ஊர் டிரெயிலுக்கு அதுக்கு மேல தேவையான்னு அப்புறம் முடிவு பண்ணுங்க.

இன்னொரு குழப்பம் எல்எஸ்டியும் லாக்கரும் ஒண்ணுன்னு நினைக்கிறது. டார்சன் மாதிரி கியர் டைப் எல்எஸ்டி, பிடிப்பு கம்மியா இருக்குற வீலுக்கு கிடைக்கிற டார்க்கை இத்தனை மடங்குன்னு பெருக்கி அடுத்த வீலுக்கு கொடுக்கும், ஒரு வீல் முழுசா அந்தரத்துல இருந்தா பூஜ்யத்தை எத்தனையால பெருக்கினாலும் பூஜ்யம் தானே. அந்த நேரத்துல பிரேக்கை லேசா தொட்டா கொஞ்சம் உதவும். கிளட்ச் டைப்பா இருந்தா அதுக்குன்னு தனி அடிட்டிவ் சேர்த்த ஆயில் ஊத்தணும், தேய்மானமும் உண்டு.

இப்போ நானே பண்ண தப்புக்கு வர்றேன், இதை கொஞ்சம் கவனமா படிங்க. ஜிப்ஸி பின் ஆக்சிலுக்கு ஆட்டோமேட்டிக் லாக்கர் போட்டேன், டிஃப்புக்குள்ள இருக்குற சின்ன ஸ்பைடர் கியரை கழட்டிட்டு அதே கூட்டுக்குள்ள உக்கார வைக்கிற டைப், விலை கம்மி, ஸ்விட்ச் ஒயர் ஏர் லைன் எதுவும் வேண்டாம்னு ஆசைப்பட்டுட்டேன். காட்டுல அருமையா இருந்துச்சு. ஆனா இது எப்பவுமே லாக்ல தான் இருக்கும், வளைவுல வெளிப்பக்க வீல் வேகமா சுத்தும்போது மட்டும் பல் நழுவி விட்டுக் கொடுக்கும். ஜிப்ஸியோ ஆயிரம் கிலோ சுமார் எடை, வீல்பேஸ் 2375 மில்லிமீட்டர், குட்டி வண்டி. நவம்பர் மழையில கத்திப்பாரா லூப்ல வளைஞ்சு ஏறிட்டே இருக்கும்போது ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தேன், டக்குனு ஒரு சத்தம், பின்பக்கம் ஒரு முழம் வெளிய தள்ளுச்சு. பக்கத்துல பைக் இல்லாதது என் அதிர்ஷ்டம். தினமும் ஆபீஸுக்கும் அதே வண்டி தான்னா, இந்த டைப் வேண்டவே வேண்டாம். மஹிந்திரா தார்ல வர்ற ஈட்டன் லாக்கரும் தானா பிடிக்கிறது தானேன்னு கேப்பீங்க, அது வேற, சாதாரணமா ஓப்பனா இருக்கும், ரெண்டு வீலுக்கும் நடுவுல சுமார் 100 ஆர்பிஎம் வித்தியாசம் வந்தா தான் பிடிக்கும், ஸ்பீடு ஏறினா பிடிக்காது. ஸ்பைடர் கியரை வெல்டிங் வெச்சு ஒட்டித் தர்றேன்னு யாராவது சொன்னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க.

நம்ம தேவைக்கு சரியானது நாமளே போட்டு எடுக்குற லாக்கர் தான், ஏர், எலெக்ட்ரிக், கேபிள் எதுவா இருந்தாலும். ஃபோர்ஸ் குர்காவுல முன்னாடி பின்னாடி ரெண்டுக்கும் கம்பெனியிலயே மேனுவலா வருது. ஆனா அதைப் பாத்துட்டு நாமளும் ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வாங்கணும்னு இல்ல. மேடு ஏறும்போது எடை பின்னாடி தான் சாயும், முதல்ல பின் லாக்கர் போதும். முன்னாடி லாக் பண்ணா ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடும், வண்டி நேரா தான் போகப் பாக்கும். ஓப்பன் டிஃப்ல ஒரு ஆக்சில் ஷாஃப்டுக்கு பாதி டார்க் தான் போகும், லாக் ஆனா மொத்தமும் ஒரே ஷாஃப்டுக்கு போகலாம், அதோட முன் சக்கரத்தை முழுசா திருப்பி வெச்சு ஆக்சிலரேட்டர் கொடுத்தா சிவி ஜாயின்ட் (முன் வீலை சுத்த வைக்கிற ஷாஃப்ட்டோட மூட்டு) உடையுறது சகஜம். பெரிய டயர் வேற போட்டிருந்தா இன்னும் சீக்கிரம்.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஆக்சில் ஷாஃப்டை வெளிய இழுத்து ஸ்ப்லைன் (அதோட நுனியில இருக்குற பல் வரிசை) எண்ணுங்க. பழைய சுசுகி ஆக்சில்கள்லயே 22 பல்லும் இருக்கு 26 பல்லும் இருக்கு, செகண்ட் ஹேண்ட் வண்டியில எவர் எப்போ எதை மாத்தினார்னு யாருக்கும் தெரியாது. வெளிநாட்டுல இருந்து டியூட்டி கட்டி வரவழைச்சு பல்லு சேரலைன்னா புதுப்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடை முழுக்க அலைஞ்சாலும் அதுக்கு மாத்து கிடைக்காது.

ஃபிட்டிங் தான் இதுல பாதி வேலை. கிரவுனை (டிஃப்போட பெரிய பல் சக்கரம்) கழட்டி புது கூட்டுல மாட்டும்போது, அதுக்கும் அதை சுத்த வைக்கிற சின்ன பினியன் கியருக்கும் நடுவுல இருக்குற பல் இடைவெளியை, அதாவது பேக்லாஷை, டயல் கேஜ் வெச்சு பாக்கணும், ஷிம் (மெல்லிசான தகடு) மாத்தணும், பல்லுல மார்க்கிங் பெயின்ட் தடவி சுத்திப் பாத்து எங்க பதியுதுன்னு பாக்கணும். நான் முதல்ல கொடுத்த இடத்துல "அதெல்லாம் வேணாம் சார், கைல ஆட்டிப் பாத்தாலே தெரியும்"னாங்க, நானும் சரின்னுட்டேன், ஜிஎஸ்டி ரோட்டுல அறுபதைத் தாண்டினதும் ஊளை சத்தம், திரும்ப பிரிச்சப்போ பினியன் பல்லு ஒரு ஓரமா தேஞ்சு கிடந்துச்சு. டயல் கேஜ் இருக்கான்னு கேளுங்க, இல்லைன்னா வேற இடம் பாருங்க.

போட்டப்புறம் பண்ற தப்பு, வீல் வழுக்கி வேகமா சுத்திட்டு இருக்கும்போதே ஸ்விட்சை தட்டுறது, உள்ள இருக்குற பல்லு உடைஞ்சிடும். பள்ளத்துக்கு முன்னாடியே நின்னோ மெதுவா நகர்ந்துட்டோ போடுங்க, தாண்டினதும் எடுத்துடுங்க, எடுக்க மாட்டேங்குதுன்னா நேரா கொஞ்சம் முன்ன பின்ன உருட்டினா விட்டுடும். அபார்ட்மென்ட் பார்க்கிங் கான்கிரீட்ல போட்டு வளைச்சு டெஸ்ட் பண்ணாதீங்க. ஏர் லாக்கர்னா லைனை சைலன்சர் சூட்டுல இருந்து தள்ளிக் கட்டுங்க, ஸ்விட்சை ஆஃப் பண்ணும்போது சோலனாய்ட் (காத்தை திறந்து மூடுற வால்வு) பக்கம் கியர் ஆயில் தெறிச்சா உள்ள சீல் போயிடுச்சுன்னு அர்த்தம்.

கடைசியா ஒண்ணு, நம்ம ஊருக்குன்னே. வேளச்சேரி பக்கம் முழங்கால் தண்ணியில வண்டி ஓட்டினீங்கன்னா சூடான டிஃப் டக்குனு குளிர்ந்து தண்ணியை உள்ள இழுக்கும், அதனால லாக்கர் போடும்போதே பிரீதர் குழாயை (டிஃப்புக்குள்ள காத்து போய் வர்ற குழாய்) மேல ஏத்தி கட்டச் சொல்லுங்க. மழை முடிஞ்சதும் டிஃப் ஆயில் மூடியை திறந்து பாருங்க, பால் கலந்த டீ கலர்ல இருந்தா அன்னைக்கே மாத்திடுங்க.